ராணியின் பூந்தோட்டத்துக் கற்கள்

ராணியின் பூந்தோட்டம் என்று பலகை அடித்துக் கயிறு கட்டி வைத்திருந்த இடத்தில் ஊரறிய ஒரு பூவும் பூத்ததில்லை. அங்கே கிடப்பது என் மகள் ஸம்ஹா. அவளோடு இன்னும் ஆறு பிள்ளைகள். அதை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒரு ஊரே வாயைக் கட்டிக்கொண்டு நின்ற கதையைத்தான் சொல்ல வந்தேன். ஹாஜராவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அதனால் நடுவில் யாரையாவது ஏசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ராணிமேடு கற்பிட்டிப் பக்கம், களப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் துண்டு. ஊர் முடிகிற இடத்தில் இடிந்த அரண்மனை இருக்கிறது. முழங்கால் உயரத்துக்குச் சுவர், தலையில்லாத தூண்கள், படி வைத்துக் கட்டிய ஒரு குளம், குளத்துக்குப் பக்கத்தில் யானைக்கால் மாதிரிப் பருத்த ஒரு பெருக்கமரம். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஆண்ட ராணி ஒருத்தி கட்டியது என்பார்கள். அவளுக்குத் தோட்டத்தில் ஆசையாம். இந்த உப்புக் காற்றிலும் மணலிலும் எது பிடிக்கும்? முத்து வாங்க வருகிற ஒவ்வொரு கப்பலும் தன் நாட்டு மண்ணில் ஒரு மூட்டையும் ஒரு கன்றும் இறக்கினால்தான் கரைக்கு வரலாம் என்று சட்டம் போட்டாளாம். அப்படி ஊரூராக வந்த மண்ணில் அவள் தோட்டம் எழும்பியதாம். பெருக்கமரம்கூட அரபிக் கப்பலில் வந்த கன்றுதானாம். ராணி போன பிறகு கிணறுகள் உவர்த்து, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் தோட்டம் அழிந்து, கடைசியில் அது இருந்த இடமே யாருக்கும் தெரியாமல் போயிற்று.

நாங்கள் இந்த ஊரின் பழைய ஆட்கள் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில், முஸ்லிம்கள் என்பதால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறி வந்தவர்கள். அந்த வள்ளத்தில் என் ஒரு இடுப்பில் ஸம்ஹா, மறு இடுப்பில் என் மனிசன் தாஹிரின் கடைசித் தம்பி ஹுனைஸ். இரண்டு பேருக்கும் நாலு வயது. முத்தலிபு ஹாஜியார் இந்த ஊர்க்காரர், தென்னந்தோட்டச் சொந்தக்காரர். எங்களைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் தன் காணியில் ஓலைக் கொட்டில் போட இடம் தந்தார். அந்த நன்றியை நான் மறந்தால் என்னை அல்லாஹ் கேட்பான்.

அந்த மாரி மழையில் எங்கள் கொட்டில் முகாமில் வயிற்றோட்டம் பரவியது. பிள்ளைகள்தான் போனார்கள். பள்ளிவாசல் மையவாடிக்குப் போகிற பாதை முழுக்க வெள்ளம். வேறு வழியில்லாமல் அரண்மனைக்குப் பக்கத்தில், ஹாஜியாரின் காணி மேட்டில் அடக்கினோம். எங்கள் வழக்கத்தில் கபுறுக்கு அடையாளமாக மீசான் நட வேண்டும். ஆண் என்றால் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. பெண் என்றால் நடுவிலும் ஒன்று. மீசான் இல்லாவிட்டால் அந்த மணலில் அடுத்த மழைக்குக் கபுறு எது, தரை எது என்று தெரியாது. கொட்டிலுக்கே கம்பில்லாத நாளில் மீசானுக்கு எங்கே போவது? தாஹிர் அரண்மனைக் குளத்துப் படியில் பெயர்ந்து கிடந்த சின்னக் கற்களைச் சாக்கில் போட்டுச் சுமந்து வந்தார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பூ வெட்டியிருந்தது. ஏழு பிள்ளைகளுக்கும் அந்தக் கல்தான்.

யுத்தம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன் எல்லாரும் ஒவ்வொருவராக மன்னாருக்குத் திரும்பினார்கள். தாஹிர் மவுத்தாகி மையவாடிக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை; அந்த மேட்டைப் பார்த்தால் அவர்களுக்கே விளங்க வேண்டும்.

ஹுனைஸ் இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்து அரண்மனையைக் காட்டுவான். கயிறு திரிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள் ஒரு ஜீப்பு கபுறுகளை ஒட்டிச் சக்கரம் பதித்துவிட்டுப் போனது. மறுநாளே அவன் மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டி, மூன்று தென்னம்பலகைகளை நெட்டுக்கு நிறுத்திச் சேர்த்தடித்து, அதில் குறுக்கே 'ராணியின் பூந்தோட்டம்' என்று பெயின்டால் எழுதி நட்டுவிட்டான்.

"அட நாசமத்தவனே, உனக்கு வாய் கூசல்லயா?" என்று அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"மதினி, கபுறு என்டு எழுதினா கல்லு எங்கால வந்த என்டு கேப்பானுகள். ராணி என்டு எழுதினா ஒருத்தனும் கால வைக்க மாட்டான். பாருங்களேன்."

அவன் சொன்னது நடந்தது. ஜீப்பு வரவில்லை, ஆடுகூட வரவில்லை. என் பிள்ளையை யாரும் மிதிக்காமல் இருந்தால் ராணியாவது பேயாவது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பலகைதான் எங்கள் மேட்டுக்கு மண்வெட்டியைக் கூட்டிக்கொண்டு வரும் என்று யாருக்குத் தெரியும்?

போன வருடம் மழைக்கு முன்னால் அரசாங்கத்து ஆட்கள் அரண்மனையைக் கிண்டிப் பார்க்க வந்தார்கள். தலைவர் ஜயலத் மாத்தயா; சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. சிலாபத்தில் பிறந்தவர், தகப்பனோடு மீன் சந்தையில் வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் மாதிரி ஓடும். அவர்களுக்குப் பகல் சாப்பாடு சமைத்துக் கொடுத்தது நான். நல்ல மனுசன். சோற்றில் கல் வந்தாலும் ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே ராணியைப் பற்றி என்னிடம் கேட்பார், நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் கையையே கழுவவில்லை. சந்தோசத்தில் முகம் அப்படிச் சிவந்திருந்தது.

"அக்கா, எத்தன அரண்மன பாத்திட்டன். எல்லாத்திலயும் மிஞ்சுறது கல்லு மட்டும்தான். தோட்டம் ஒன்டுகூட மிஞ்சுறல்ல. இந்த ராணிட தோட்டம் கிடைச்சிட்டு, பலகயில எழுதினது மெய்தான்!" என்று போனை என் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க. பூ வெட்டின எல்லைக் கல்லு. மூணு, ரெண்டு, மூணு, மூணு, ரெண்டு. இப்பிடி ஏழு, கணக்கா வச்சிரிக்காங்க. எல்லாம் சின்னச் சின்னப் பாத்தி. என்ன பூ நட்டிருப்பாங்களோ! கப்பல்ல வந்த மண் கீழ இரிக்கோணும். நாளைக்குக் காலமே அங்கதான் வெட்டுறம்."

என் கையில் அகப்பை. கறி சட்டியில் ஒழுகியதா நிலத்தில் ஒழுகியதா என்று எனக்குத் தெரியவில்லை.

"எந்தப் பாத்தியில மாத்தயா முதல்ல?" என்று கேட்டேன்.

அவர் விரலை வைத்தது ஸம்ஹாவில்.

அந்த விரலை அப்படியே பிடித்து முறித்துப் போட வேண்டும் போல் வந்தது. அந்த மனுசனில் ஒரு குற்றமும் இல்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சோற்றை வைத்துவிட்டு நேரே ஹுனைஸைத் தேடிப் போனேன். அவன் வண்டிக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் விறாந்தையில் ஊர் ஆண்கள் கூடினார்கள். பெண்கள் அங்கே போவதில்லை. நான் போனேன். நடுவில் முத்தலிபு ஹாஜியார் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் கண்ணை மூடித் திறந்தார்.

"புள்ள, இது வாய் துறக்கிற காலமில்ல," என்றார். "பேப்பர்ல என்னென்ன எழுதுறாங்க என்டு நீயும் கேள்விப்படுறதானே. பழைய இடத்த ஒடச்சாங்க, காட்டப் புடிச்சாங்க என்டு நம்மளப் பத்தி எழுதாத நாளில்ல. அரண்மனக் கல்லப் புடுங்கினவங்க என்டு ஒருத்தன் எழுதினாப் போதும். கொடியோட கும்பல் வந்து நிக்கும். இந்த ஊரு மிஞ்சாது."

"அதுக்காக என்ட புள்ளயக் கிண்ட விடச் சொல்லுறீங்களா?"

"இத்தின வருசத்துக்குப் பொறகு அங்க என்ன இரிக்கும்? மணல். வெறும் மணல்."

"அப்ப உங்கட வாப்பாட கபுறையும் ஒருக்காக் கிண்டிப் பாப்பம் ஹாஜியார். மணலா, மனுசனா என்டு தெரியும்."

யாரோ ஒருவர் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டார். அந்த ஊரில் அவரை அப்படிப் பேசியவர் இல்லை.

ஹாஜியார் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஏசு புள்ள. எவ்வளவு ஏசணுமோ ஏசு. அந்த ஏழு புள்ளயள்ட மையத்துக்கும் தொழுவிச்சது நான். குழிக்குள்ள எறங்கி உன்ட மகளக் கையில வாங்கி வச்சதும் நான்தான். பாரமே இல்ல அவ. எனக்கு மட்டும் மறந்திட்டா? ஆனா உசிரோட இரிக்கிற குடும்பங்களப் பாக்கிறதா, மவுத்தான புள்ளயளப் பாக்கிறதா? நீ ஒருக்கா விரட்டுப்பட்டவ. திருப்பியும் ஒரு வள்ளம் ஏறப் போறியா? இந்தச் சனத்தையும் ஏத்தப் போறியா? நீயே சொல்லு, நான் கேக்கிறன்."

வாயாடி ஹாஜராவுக்கு அன்றைக்கு வாய் அடைத்தது. ஆண்கள் ஒவ்வொருவராக ஹாஜியாருக்கு வாக்குக் கொடுத்தார்கள், வாய் திறக்க மாட்டோம் என்று. ஹுனைஸும் கொடுத்தான். நான் கொடுக்காமல் எழும்பி வந்தேன். ஆனாலும் என் நாக்கையும் சேர்த்துக் கட்டிவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

காலையில் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. போனபோது ஊரே கயிற்றுக்கு வெளியே நின்றது. ஸம்ஹாவின் மூன்று கல்லையும் சுற்றி நாலு மூலையிலும் முளை அடித்து வெள்ளை நூல் கட்டியிருந்தார்கள். வேலையாட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். கத்திவிடுவேன் என்ற பயம். கத்தினால் அத்தனை வீடும் என் தலையில். கத்தாவிட்டால் என் பிள்ளை. யா அல்லாஹ், அப்படி ஒரு காலையை எந்தத் தாய்க்கும் காட்டாதே.

ஜயலத் மாத்தயா எங்கள் நிலையை எங்கே அறிந்தார்? கலியாண வீட்டுக்காரர் மாதிரி ஓடித் திரிந்தார். புது மண்வெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேரே ஹாஜியாரிடம் வந்தார்.

"ஹாஜியார், நீங்கதான் காணிக்காரர். பெரிய மனுசன். முதல் வெட்டு நீங்க வெட்டித் தாங்க."

மரியாதை செய்கிறாராம்! ஹாஜியாரின் முகம் சாம்பல் நிறமாகியது. வேண்டாம் என்று தலையாட்டினார். மாத்தயா சிரித்துக்கொண்டு இன்னும் வற்புறுத்தினார். எல்லாரும் பார்க்கிறார்கள், மறுத்தால் ஏன் என்று கேட்பார். கடைசியில் ஹாஜியார் மண்வெட்டியை வாங்கினார். ஹுனைஸ் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான்.

ஹாஜியார் கயிற்றுக்குக் கீழே குனிந்தார். உள்ளே காலெடுத்து வைக்கும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நிமிர்ந்தார். பிறகு, அறுபது வருடமாக மையவாடிக்குள் நுழைகிறபோதெல்லாம் எப்படிச் சொல்வாரோ அப்படியே, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அஸ்ஸலாமு அலைக்கும் யா அஹ்லல் குபூர்."

கபுறில் இருப்பவர்களே, உங்களுக்குச் சலாம்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே விளங்கியது. வாய் திறந்தபடி நின்றுவிட்டார். கயிற்றுக்கு வெளியே நின்ற ஆண்களில் பாதிப் பேரின் உதடும் அந்தச் சலாமுக்கு அசைந்ததை நான் கண்டேன். அதுவும் பழக்கம்.

மாத்தயா ஹாஜியாரைப் பார்த்தார், கழற்றி வைத்த செருப்பைப் பார்த்தார். சிரிப்பு மெல்லப் போயிற்று.

"ஹாஜியார், உள்ள ஒருத்தரும் இல்லயே. யாருக்குச் சலாம்?"

ஹாஜியார் மண்வெட்டிப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

என் வாயில் இருந்த சேலைத் தலைப்பை இழுத்து எடுத்தேன். கயிற்றுக்குள் நுழைந்து வெள்ளை நூலுக்குள்ளேயே போய் நின்றேன்.

"என்ட மகளுக்கு மாத்தயா," என்றேன். "இது பாத்தியில்ல. என்ட மகள்ட கபுறு. ஸம்ஹா என்டு பேர். நாலு வயசு. மத்ததும் கபுறுதான், எல்லாம் புள்ளயள். நாங்க அகதியா வந்த மாரியில அடக்கினது. மீசான் நடக் கல்லில்ல, உங்கட ராணிட குளத்துப் படியில கெடந்த கல்ல எடுத்தம். திருட்டென்டா திருட்டு. எடுத்தவர் என்ட மனிசன், அவர் இப்ப உசிரோட இல்ல. என்னக் கொண்டு போங்க. இந்தச் சனத்த ஒன்டும் செய்யாதீங்க."

"அவ சொல்லுறது பிழ," என்றார் ஹாஜியார். குரல் திரும்பி வந்துவிட்டது. "கல்ல எடுக்கச் சொன்னது நான். என்ட காணி, என்ட சொல்லு. பேர் எழுதுறதென்டா என்ட பேர எழுதுங்க."

சுத்தப் பொய். கற்கள் நட்ட பிறகுதான் அவருக்கே தெரியும். எழுபது வயதில் எனக்காக அவர் சொன்ன பொய்யை அல்லாஹ் மன்னிக்கட்டும். முந்திய நாள் அவர் வாப்பாவைப் பேசிய என் வாயையும் சேர்த்து மன்னிக்கட்டும்.

மாத்தயாவின் கையில் போன் இருந்தது. இப்போது பொலிஸுக்கு எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஊர் முழுக்க அதைத்தான் நினைத்தது. பின்னால் ஒரு பெண் விசும்பத் தொடங்கினாள். அவர் போனைப் பார்க்கவில்லை. கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு என்டா?" என்று கேட்டார்.

"பொம்பளப் புள்ள."

"ரெண்டு?"

"ஆம்பளப் புள்ள."

அவர் விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். மூணு, ரெண்டு, மூணு, மூணு, ரெண்டு. ஏழும் முடியும் வரை எண்ணினார். சின்னச் சின்னப் பாத்திகள் ஏன் அவ்வளவு சின்னதாக இருந்தன என்று அப்போது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே போய் நின்றார். வேலையாட்களிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் மண்வெட்டிகளைக் கீழே வைத்தார்கள்.

"மண்ணத் தொட மாட்டன் அக்கா," என்றார். "ஆனா கல்ல விட்டுட்டுப் போக எனக்கு ஏலாது. அது குளத்துப் படிட கல்லு, அங்கதான் போகோணும். எடுத்தது என்டு எழுதத்தான் வேணும். ஏன் எடுத்த என்டும் எழுதுறன்."

"பேப்பர்ல வருமா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"நான் பேப்பருக்கு எழுதுற இல்ல ஹாஜியார். வந்தா, நடந்தத நானும் வந்து சொல்லுவன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

வெட்டொன்றும் துண்டிரண்டுமாகச் சொன்னார். அந்த நேர்மைக்கு நான் என்ன குறை சொல்ல? ஆனால் முதல் கல்லைப் பெயர்த்தபோது என் நெஞ்சே பெயர்ந்தது. இரண்டு வேலையாட்கள் அதை மெதுவாகத்தான் தூக்கினார்கள். தூக்கியதும் ஓரத்து மணல் குழிக்குள் சரிந்து வழிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் மூடிக்கொள்ளும். மூடினால் என் பிள்ளை எங்கே தொடங்குகிறாள், எங்கே முடிகிறாள் என்று எனக்கே தெரியாது. தொப்பென்று உட்கார்ந்து தலைமாட்டுக் குழிக்குள் ஒரு கையை விட்டேன். நடுக்கல்லைத் தூக்கினார்கள், அதற்குள் மறு கையை விட்டேன். கால்மாட்டுக் கல்லையும் தூக்கிவிட்டார்கள். எனக்குக் கை இல்லை.

"ஹாஜியார்!" என்று கத்தினேன்.

அவர் மண்வெட்டியை எறிந்துவிட்டு மணலில் முழங்காலில் விழுந்து கால்மாட்டுக் குழிக்குள் தன் கையை விட்டார். இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். அதைப் பார்த்துத்தான் மற்ற ஆண்களுக்கு உயிர் வந்தது. நேற்று வாக்குக் கொடுத்தவர்கள் கயிற்றைத் தாண்டி வந்தார்கள். ஒவ்வொரு கல் எழும்ப எழும்ப, அந்த இடத்தில் மட்டையோ, கம்போ, சிரட்டையோ எது கையில் அகப்பட்டதோ அதை ஊன்றினார்கள். மன்னாருக்குப் போய்விட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கும் ஆள் இருந்தது.

பின்னால் பலகை முறிகிற சத்தம் கேட்டது. ஹுனைஸ் தன் பலகையைப் பிடுங்கிப்போட்டு, வண்டியில் கிடந்த இரும்புக் கம்பியால் ஆணிகளை நெம்பிக்கொண்டிருந்தான். மூன்று தென்னம்பலகையும் தனித்தனியாக வந்தன. அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதபடி ஓடி வந்து என் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். ஒரே வள்ளத்தில் என் இடுப்பில் வந்தவன் அல்லவா.

கால்மாட்டில் ஒன்று நட்டான். ஹாஜியார் கையை எடுத்தார். நடுவில் ஒன்று, நான் ஒரு கையை எடுத்தேன். கடைசிப் பலகையைத் தலைமாட்டுக்குக் கொண்டு வந்தவன் கொஞ்சம் தயங்கினான். அதில் பெரிய எழுத்தில் 'ராணி' என்று இருந்தது. மிச்சமெல்லாம் மற்ற இரண்டில் போய்விட்டது.

"எழுத்துப் பக்கத்த அங்கால திருப்பவா மதினி?"

"இரிக்கட்டும்டா," என்றேன். "மண்ணப் போடு."